கரியன் உட்கார்ந்த இடம்

ஜூன் 3, செவ்வாய்

கேமின் நான்காம் மாடி இன்றும் முடியவில்லை. மணிக்கயிற்றை இழுத்தால் லிஃப்ட் கீழே வர வேண்டும். வருகிறது. ஆனால் வரும்போது அந்தப் பெண்ணையும் தரையோடு சேர்த்து நசுக்கிவிட்டு வருகிறது. முதலாளி பின்னால் நின்று பார்த்துவிட்டு, "பரவாயில்ல, பாக்கறவங்களுக்கு மனசு கனக்கும்" என்றார். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

மாலையில் கீழ் வீட்டு அம்மா எங்கள் கட்டட லிஃப்டில் என்னைப் பிடித்துக்கொண்டார். அப்படி என்னதான் கம்ப்யூட்டரில் செய்கிறேன் என்று தெரிந்தாக வேண்டுமாம். கேம் செய்கிறோம் என்றேன். ஒரு பெண், தொளதொளச் சட்டை, மடித்துவிட்ட கை, முகம் கிடையாது. இருட்டு வீட்டில் மாட்டிக்கொண்டிருக்கிறாள். பெட்டியைத் தள்ளி, கயிற்றைப் பிடித்து, புதிரை அவிழ்த்து மாடி மாடியாக ஏற வேண்டும். பின்னால் ஒரு கறுப்பு உருவம் வரும்.

"அந்தப் பொண்ணுக்கு என்ன பிரச்சினை?"

"மனசு சரியில்ல."

"மனசு சரியில்லாத பொண்ணை எதுக்கும்மா துரத்தறீங்க?"

லிஃப்ட் நின்றுவிட்டது, நல்லவேளை.

அந்தக் கறுப்பு உருவத்துக்கு ஆபீசில் கரியன் என்று பெயர். அது எப்படி நடக்க வேண்டும் என்று ப்ரோகிராம் எழுதியது நான். அதற்கு ஒரே ஒரு விதி: நின்றால் வரும். அவள் ஓடும்வரை தூரத்தில் இருக்கும், நின்றாளோ, சுவரை ஒட்டி நகர்ந்து வரும். ஆடுகிறவர்கள் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்கள். இந்தக் கேமின் உயிரே அதுதான் என்று முதலாளி எல்லாரிடமும் சொல்கிறார். எனக்கு அதில் கொஞ்சம் கர்வம் உண்டு, இங்கே எழுதலாம், யார் படிக்கப் போகிறார்கள்.


ஜூன் 6, வெள்ளி

காலையில் திரைச்சீலையை இழுத்தேன். எழுந்திரு. பல் தேய். குளி. கொஞ்சம் நடந்துவிட்டு வா. தம்பி எல்லாவற்றுக்கும் "ம்" என்றான். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு ஒரு "ம்".

அவன் என்னோடு வந்து தங்கி ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. ரத்தப் பரிசோதனை லேபில் வேலை. ஒருநாள் சோதனைக் குழாய்கள் அடுக்கிய தட்டோடு நடைவழியின் நடுவில் நின்றிருக்கிறான். நின்றால் நின்றதுதான். போகிறவர் வருகிறவர் எல்லாம் இடித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். கடைசியில் மேலதிகாரி வந்து தட்டை அவன் கையிலிருந்து மெதுவாக வாங்கியிருக்கிறார். "ஏன்டா நின்னே?" என்றால், "தெரியல. எந்தக் கால்னு தெரியல" என்கிறான். எந்தக் கால் என்றால் என்ன அர்த்தம்? இரண்டு கால்தானே இருக்கிறது.

டாக்டரிடம் வரமாட்டேன் என்கிறான். ஊரில் அம்மாவுக்கு இன்னும் எதுவும் தெரியாது. லீவில் இருக்கிறான் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இன்று ஒரு வேலை செய்தேன். கேமின் காப்பியை ஆபீசுக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது. கொண்டுவந்துவிட்டேன். "சோதிச்சுப் பாக்க ஆள் வேணும்டா, ஆடிப் பாத்து எங்க உதைக்குதுன்னு சொல்லு" என்றேன். கை அசைந்தாலாவது உடம்பு அசையாதா என்ற நப்பாசைதான்.

எழுந்து உட்கார்ந்தான்!


ஜூன் 8, ஞாயிறு

மதியம் சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். அவன் திரைமுன்னால். திடீரென்று சொல்கிறான்: "வந்துட்டா அக்கா."

கையைத் துடைத்துக்கொண்டு போய், "என்னடா?" என்றேன்.

"உன்னை இல்ல. இதை." கரியனைக் காட்டினான். "நான் வச்ச பேரு. ஒரு நிமிஷம் நிக்க விடாது பாரு."

சிரித்தேன். நன்றாகவே சிரித்தேன். திரும்பிப் போய்ப் பாத்திரத்தைக் கையில் எடுத்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. என்ன திமிர் இவனுக்கு? ஆபீசிலும் மாடாய் உழைத்துவிட்டு வீட்டிலும் இவனைப் பார்த்துக்கொள்கிறவளுக்கு இந்தப் பட்டமா? நான் சொல்லாவிட்டால் இவன் பல்கூடத் தேய்க்க மாட்டான். பாத்திரத்தை நான் வைத்த வேகத்தில் கீழ் வீட்டம்மா மேலே பார்த்திருப்பார்.


ஜூன் 11, புதன்

சீக்கிரம் வந்தேன். அவன் கண்ட்ரோலரை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தான். திரையில் அந்தப் பெண் சுவரில் சாய்ந்து முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் கரியன். அதுவும் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது!

என் கரியன். உட்கார்ந்திருக்கிறது.

எப்படி என்று யோசித்து யோசித்து, பிறகு தலையில் அடித்துக்கொண்டேன். கரியனுக்குத் தனியாக அசைவுகள் செய்ய நேரம் இல்லை என்று அவளுடைய அசைவுகளையே எடுத்து, பெரிதாக்கி, கறுப்படித்துப் போட்டோம். கொஞ்ச நேரம் எந்தப் பட்டனையும் தொடாவிட்டால் அவள் தானாக உட்காருவாள், அது எங்கள் ஓவியர் ஆசைப்பட்டுச் செய்தது. கரியன் கிட்டே வந்ததும், அவள் ஓடினால் பிடி, குதித்தால் பிடி, நின்றால் பிடி என்று எழுதியிருக்கிறேன். உட்கார்ந்திருப்பவளை என்ன செய்வது என்று எழுதவே இல்லை. எழுதாத இடத்தில் அது அவள் செய்வதையே தானும் செய்கிறது. அப்படி ஒரு கறுப்பு கிட்டே வரும்போது யாராவது உட்காருவார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"எவ்வளவு நேரமாடா இப்படி?"

"சாப்பிட்டதுல இருந்து."

"போரடிக்கல?"

"இல்ல. இங்க மட்டும்தான் அது ஒண்ணும் கேக்க மாட்டேங்குது."

சாப்பிட்டதிலிருந்து என்றான். அப்படியென்றால் சாப்பிட்டிருக்கிறான். தானாகப் போட்டுச் சாப்பிட்டிருக்கிறான், நான் போன் செய்யாமலே. அதைப் பெரிதாகக் காட்டிக்கொள்ளக் கூடாது என்று குளியலறைக்குள் போய் நின்றுகொண்டேன்.


ஜூன் 12, வியாழன்

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். டீ குடிக்கும்போது ஆபீசில் வேடிக்கையாகச் சொன்னேன், தம்பி என்று சொல்லாமல், நானே கண்டுபிடித்த மாதிரி. முதலாளி சிரிக்கவில்லை. தானே உட்கார்ந்து பார்த்தார். கரியன் வந்து பக்கத்தில் உட்கார்ந்ததும் அணைத்துவிட்டார்.

"இருபத்துநாலாம் தேதி கேமை வெளியிடற கம்பெனி ஆளுங்க வர்றாங்க. கரியன் மேல பயம் போச்சுன்னா கேமே போச்சு. திருத்திடுங்க."

எங்கள் ஒலிக்காரர் வாயே திறக்காதவர், அதனால் அவருக்குச் சத்தம் என்று பெயர். இன்று அதிசயமாகப் பேசினார். "கொஞ்ச நேரம் விட்டுப் பாக்கலாமே. நல்லாத்தான இருக்கு."

"எது நல்லா இருக்கு? பூதம் வந்து பக்கத்துல குந்திக்கிறதா?"

சத்தம் மறுபடி சத்தமில்லாமல் ஆகிவிட்டார்.


ஜூன் 16, திங்கள்

திருத்திவிட்டேன். ஒரே ஒரு வரி: உட்கார்ந்திருந்தாலும் பிடி. டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. பழக்கத்தில் கேமின் புதுக் காப்பியை வீட்டுக்கும் எடுத்து வந்து போட்டுவிட்டேன்.

தம்பியிடம் சொல்லவில்லை. இதையெல்லாம் சொல்லிக்கொண்டா இருப்பார்கள்? கேம்தானே.


ஜூன் 17, செவ்வாய்

தலைவலி என்று சாப்பிடவில்லை. தட்டு வைத்த இடத்தில் வைத்தபடி.


ஜூன் 18, புதன்

கேமைத் தொடவில்லை. ஏன் என்று கேட்டேன். "முடிஞ்சு போச்சு" என்றான். எந்த மாடி முடிந்தது என்று கேட்டேன். "மாடி இல்ல" என்றான்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. வந்துவிட்டது, என்ன செய்ய? ஆபீசில் லிஃப்ட் இன்னும் அவளை நசுக்குகிறது, இங்கே இவன். "டாக்டர்கிட்ட வான்னா வரமாட்டே. குளின்னா குளிக்க மாட்டே. ஒரு கேம்கூட ஆட முடியலன்னா எத்தனை நாள்தான்டா இப்படி உக்காந்தே இருப்பே?"

என்னைப் பார்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.


ஜூன் 19, வியாழன்

தூக்கம் வரல. நடந்ததை வரிசையா எழுதறேன்.

காலையில போன் பண்ணேன், எடுக்கல. திரும்பப் பண்ணேன். எடுக்கல. தூங்கறான்னு நினைச்சேன். அப்புறம் நேத்து அவன் சிரிச்சது ஞாபகம் வந்துச்சு. முதலாளிகிட்ட சொல்லிக்கக்கூட இல்ல, பையை எடுத்துட்டு ஓடி வந்துட்டேன்.

கதவு சும்மா சாத்தியிருந்துச்சு. போன் கட்டில்மேல. பர்ஸ் மேஜைமேல. செருப்பு இல்ல. பர்ஸ் இல்லாம எங்க போவான்? என்னென்னவோ நினைச்சேன். அதை எழுத மாட்டேன்.

கேம் ஓடிக்கிட்டிருந்துச்சு. ஆள் இல்லாத ரூம்ல அதுபாட்டுக்கு ஓடுது. யாரும் பட்டனைத் தொடல, அதனால அவ உக்கார்றா. கரியன் வருது. உக்காந்திருக்கிறவளைப் புடிக்குது. திரை இருட்டாகுது. மறுபடி அதே சுவர், மறுபடி உக்கார்றா. மறுபடி வருது. எப்போலருந்து இப்படி? நான் எழுதுன வரி. நான்தானே எழுதினேன். ஒயரைப் பிடுங்கிப் போட்டேன்.

மருந்துக் கடையில இல்ல. பஸ் ஸ்டாப்புல இல்ல. லேபுக்குப் போன் பண்ணேன், வரலன்னாங்க. திரும்பி ஓடி வரும்போது கீழ் வீட்டம்மா வாசல்ல நின்னாங்க, என்னைப் பார்த்ததும் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க.

"மேலதான் இருக்கான். மொட்டை மாடிப் படியில. காலையில என்கிட்ட வந்து மாடிச் சாவி கேட்டான். துணி காயப் போடணும்னான். கையில துணியே இல்லம்மா. எனக்கு என்னவோ மாதிரி ஆயிடுச்சு, சாவியைக் காணோம்னு சொல்லிட்டேன். போய்ப் போய்ப் பாத்துட்டுதான் வர்றேன். உன் நம்பர் என்கிட்ட இல்லையே."

படி ஏறும்போது திட்டு எல்லாம் தயாரா இருந்துச்சு. அறிவிருக்கா உனக்கு, அம்மாவை நினைச்சுப் பாத்தியா, என்னை நினைச்சுப் பாத்தியா. வரிசையா வாய்வரைக்கும் வந்துச்சு. கடைசித் திருப்பத்துல அவன் முதுகு தெரிஞ்சுது. பூட்டின கதவுக்கு முன்னாடி, முழங்காலைக் கட்டிக்கிட்டு. அவனுக்குக் கீழ் படியில அப்படியே உக்காந்துட்டேன். வேணும்னு உக்காரல. நிக்க முடியல.

அவன்தான் முதல்ல பேசினான்.

"கரியனை மாத்திட்டியா?"

"ஆமா."

"சொல்லியிருக்கலாம்ல."

"ஆமா."

"நான்தான் ஏதோ தப்பாப் பண்றேன்னு நினைச்சேன்க்கா. திரும்பத் திரும்ப உக்காந்து பாத்தேன்."

"அக்கா. நான் மேல போகத்தான் வந்தேன்."

"தெரியும்டா."

"கதவு பூட்டியிருந்துச்சு."

"தெரியும்."

யாரோ லிஃப்டைத் திறந்து மூடற சத்தம். எழுந்திருன்னு சொல்லல. வான்னு சொல்லல. வாயைத் திறந்தா அதுதான் வரும்னு உதட்டைக் கடிச்சுக்கிட்டேன். கடைசியில வந்தது ஒண்ணுதான்: "எனக்குப் பயமா இருக்குடா."

"எனக்கும்தான்"னான். அப்புறம் மூச்சு விட்டான். நானும் விட்டேன்.

"இன்னிக்கே டாக்டர்கிட்ட போலாமா?"

"நீ வழியில பேசாம வர்றதா இருந்தா வர்றேன்."

பேசல. ஆட்டோவுல ஒரு வார்த்தை பேசல. அவன் சட்டை ஓரத்தை மட்டும் பிடிச்சுக்கிட்டே இருந்தேன், சின்னப் பிள்ளையில ரோடு தாண்டும்போது பிடிச்சுக்குவேனே, அந்த மாதிரி.


ஜூன் 20, வெள்ளி

நேற்று ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேள்வி கேட்டபோதெல்லாம் நானே முந்திக்கொண்டு பதில் சொன்னேன். அவர் என்னைப் பார்த்து, "அவர் சொல்லட்டும்" என்றார், தன்மையாகத்தான். தம்பி சொன்னான். மெதுவாக, நடுநடுவே நிறுத்தி. லேபில் நின்ற நாளுக்கும் முன்னாலிருந்தே ஆரம்பித்ததாம், போன வருஷத்திலிருந்தே. எனக்கு எதுவுமே தெரியாது. அவனோடு தினமும் போனில் பேசியிருக்கிறேன், ஆனால் நான்தான் பேசியிருக்கிறேன்.

சில நாள் அங்கேயே வைத்துப் பார்க்க வேண்டும் என்றார். தம்பி தலையாட்டினான்.

கீழ் வீட்டம்மா வீட்டுக்குப் போனேன். நன்றி என்று சொல்ல வாய் திறந்து, அவர் தோளில் அழுதுவிட்டு வந்தேன்.


ஜூன் 22, ஞாயிறு

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவர் முதலில் கேட்டது, "அவனைத் திட்டினியா?"

"திட்டினேன்மா."

"நானா இருந்தாலும் திட்டித்தான் இருப்பேன்" என்றார். "நமக்கு வேற என்ன தெரியும்?" நாளை மறுநாள் வருகிறார்.


ஜூன் 23, திங்கள்

அந்த வரியை எடுத்துவிட்டேன். எடுத்துவிட்டு, இந்த முறை போய்ச் சொன்னேன். ஆபீஸ் காப்பியை வீட்டுக்குக் கொண்டுபோனதையும், தம்பியையும், எல்லாவற்றையும்.

முதலாளி கேட்டுக்கொண்டார். கெட்டவர் இல்லை. அக்கறையாகத்தான் விசாரித்தார். ஆனால், "நாளைக்கு வர்றாங்க. உங்க தம்பிக்காக நான் கேம் பண்ண முடியாதும்மா" என்றார்.

"மனசு சரியில்லாதவங்களைப் பத்தித்தான் பண்றோம்னு நோட்டீஸ்ல போட்டிருக்கோம். அவனுக்காக இல்லன்னா யாருக்காக சார் பண்றோம்?" குரல் உயர்ந்துவிட்டது. "அவ முடியாம உக்கார்றா. அப்பவும் பிடின்னு எழுதிட்டு, இதுல என்ன மனசைப் பத்திச் சொல்லப் போறோம்? நான் எழுத மாட்டேன். வேற ஆளை வச்சு எழுதிக்குங்க."

சத்தம் எழுந்து வந்து தன் ஹெட்போனை முதலாளி தலையில் மாட்டினார். கேட்காமலே மாட்டினார்! இரண்டு பேர் மூச்சுவிடும் ஒலி, ஒன்று சின்னது, ஒன்று பெரியது, மெல்ல மெல்ல ஒன்றாகச் சேர்கிறது. அன்று உட்காரும் கரியனைப் பார்த்த நாளிலேயே செய்து வைத்திருக்கிறார். மனிதர் வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம்.

முதலாளி ஹெட்போனைக் கழற்றினார். "நாளைக்கு அவங்க சிரிச்சா பதில் நீங்கதான் சொல்லணும்" என்றார்.


ஜூன் 24, செவ்வாய்

அவர்கள் சிரிக்கவில்லை. அந்த இடம் வரவே இல்லை, முதலில். கம்பெனியிலிருந்து வந்த அம்மா விறுவிறுவென்று ஆடினார், பல்லைக் கடித்துக்கொண்டு, நிற்காமல். கரியன் பின்னாலேயே. நான்காம் மாடியில் அவருக்கு யாரிடமிருந்தோ போன். கண்ட்ரோலரை மேஜையில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போனார். அவள் உட்கார்ந்துவிட்டாள். கரியன் வந்தது. முதலாளி நகத்தைக் கடித்தார். கரியன் உட்கார்ந்தது.

போன் முடிந்து திரும்பியவர் நின்றபடியே பார்த்தார். அந்த இரண்டு மூச்சும் கேட்டுக்கொண்டிருந்தன.

"நான் செத்திருக்கணுமே?" என்றார்.

"இல்லைங்க. உக்காந்தா ஒண்ணும் பண்ணாது" என்றேன்.

அதற்குமேல் அவர் கண்ட்ரோலரை எடுக்கவில்லை. கேமின் காப்பியை அனுப்பி வைக்கச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். நல்லதா கெட்டதா என்று முதலாளி மாலைவரை புலம்பினார். நான் அம்மாவை அழைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். தம்பி அம்மா மடியில் தலை வைத்துத் தூங்கிவிட்டான்.


ஜூலை 4, வெள்ளி

வீட்டுக்கு வந்துவிட்டான். அம்மாவும் எங்களோடுதான் இருக்கிறார். மாத்திரை கொஞ்சம் மந்தமாக்குகிறது, பழகிவிடும் என்றார் டாக்டரம்மா. திரைச்சீலை மூடித்தான் இருக்கிறது. என் கை அதை நோக்கிப் போவதும் வருவதுமாக இருக்கிறது.


ஜூலை 22, செவ்வாய்

மோசமான நாள். காலையிலிருந்து பேசவில்லை. ஒரு முறை குரல் உயர்த்திவிட்டேன், உடனே அடக்கிக்கொண்டேன். கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து ஆபீஸ் வேலையைச் செய்தேன். மதியம் உள்ளேயிருந்து, "நீ டைப் பண்றது ரொம்பச் சத்தம்க்கா" என்றான். அவ்வளவுதான் பேசினான். டாக்டரம்மாவுக்குப் போன் செய்தோம், அவனே பேசினான்.


ஆகஸ்ட் 1, வெள்ளி

கம்பெனி சரி என்று சொல்லிவிட்டது. முதலாளி எல்லாருக்கும் கேக் வாங்கி, தானே பாதி தின்றார். லிஃப்ட் நசுக்காத புதுக் கேம் காப்பியை, இந்த முறை அவரிடம் கேட்டுக்கொண்டே, தம்பிக்கு எடுத்துப் போனேன்.


ஆகஸ்ட் 12, செவ்வாய்

ஆபீசில் இருந்தபோது தம்பி போன் செய்தான். முதல் மணியிலேயே எடுத்தேன், அவன் போன் என்றால் இன்னும் அப்படித்தான்.

"அக்கா, உன் கேம்ல ஒரு தப்பு இருக்கு."

"என்னடா?"

"இன்னிக்கு உக்காந்த இடத்துல இருந்து எழுந்திரிச்சுப் பாத்தேன். நான் எழுந்திரிச்சுட்டேன், அது எழுந்திரிக்கல. அங்கயே உக்காந்திருக்கு. நான் கயிறை இழுத்து, லிஃப்ட்ல ஏறி மேலயே வந்துட்டேன். அது வரவே இல்ல."

நான் எழுதிய வரிகளைத் திறந்து பார்த்தேன். உண்மைதான். அது உட்காரும் என்றே நான் நினைக்கவில்லையே, எழுந்திருக்க எங்கே எழுதியிருக்கப் போகிறேன்? ஒரு முறை உட்கார்ந்துவிட்டால் அது அவளைப் பார்ப்பதையே விட்டுவிடுகிறது, அதற்கு எழுந்திருக்கவே தெரியாது. இத்தனை நாளாக யாரும் கவனிக்கவில்லை, எங்கள் கம்ப்யூட்டரிலும் யாரும் அங்கிருந்து எழுந்து போய்ப் பார்க்கவில்லை.

"திருத்தப் போறியா?" என்றான்.

"உன்னைக் கேக்காம மாட்டேன்."

யோசித்தான். பின்னால் அம்மா குழாயைத் திறக்கும் சத்தம் கேட்டது.

"விட்டுடு. அக்கா கொஞ்சம் உக்காரட்டும். ரொம்ப ஓடிட்டா."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். சத்தம் திரும்பிப் பார்த்தார், மறுபடி தன் வேலையைப் பார்த்தார்.

"சரி, இப்ப எங்கடா இருக்கே?"

"அஞ்சாம் மாடி வாசல்ல. உள்ள ஒண்ணுமே இல்லையே. வெறும் இருட்டு."

"இன்னும் எழுதலடா. தரைகூடப் போடல. கால் வச்சிடாதே."

"சரி, எழுதிட்டு வா" என்றான். "நான் இங்கயே நிக்கறேன். அவசரமில்ல."